ஓர் உயிர் பாக்கி

விர்ட்சுத் துறையில், உறைந்த கடலின் வாசலில்,
ருஜ்ஜேரோ காரை நிறுத்தியிருக்கிறான்.
முன்னே போன வண்டிக்கும் இவனுக்கும்
மூன்று நிமிட இடைவெளி வேண்டுமாம்.
இருக்கைப் பட்டையைக் கழற்று என்கிறான் காவலாள்,
பனி உடைந்தால் குதிப்பதற்கு.

அப்போதுதான் தீவிலிருந்து செய்தி:
தா துலி.
தூலி அனுப்பியது. அவ்வளவுதான்.

துலி என்றால் வந்தாயிற்று. துலி என்றால் நெருப்பும்தான்.
தூலி அவன் மனைவி, அவள் பெயரில் காற்று இருக்கிறது.
இந்தக் குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே
ஐந்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறான்.
நெடில் போதாதென்று இன்னொரு நீளமும் வைத்திருக்கிறார்கள்,
நம் அளபெடை மாதிரி,
ஆனால் செய்யுளில் அல்ல, ஓட்டுக்கடையில்.
நூறு ஓடு கேட்கப் போனவன்
கொஞ்சம் இழுத்து 'அனுப்பு' என்றிருக்கிறான்.
இன்னும் இழுத்தால் அது 'பெற'.
பிள்ளை பெறவும் அதே சொல்தான்.

சிக்கல் அதில் இல்லை. சிக்கல் தா.
தா என்றால் அவன். தா என்றால் அவள்.
வலை உலர்த்துகிறவர், வங்கி மேலாளர்,
பக்கத்து வீட்டுப் பூனை, எல்லாரும் தா.

கியோஜ்ஜா மீன்சந்தையிலிருந்து அக்காள் ஒர்னெல்லா,
கணவாய் கழுவிய கையோடு போனில்:
"பிறந்தாச்சா?"
அவளுக்குப் பின்னால் சந்தையே காதாக நிற்கிறது.

வாயைத் திறக்கிறான்: நாத்...
ஆணென்றால் நாத்தோ, பெண்ணென்றால் நாத்தா.
இத்தாலியச் சொல்லுக்கு மெய்யில் நிற்கப் பிடிக்காது,
கடைசியில் ஓர் உயிர் வந்து கதவைத் திறந்துவிட வேண்டும்.
தமிழென்றால் 'பிறந்தது' என்று
அஃறிணைக்குள் பதுங்கிக்கொள்ளலாம்.
அவனுக்கு அந்த மறைவு இல்லை.
அவன் மொழியில் முள்கரண்டி பெண், கத்தி ஆண்.
பிள்ளைதான் இன்னும்
நாத்.

"என்ன நாத்? பல்வலியா உனக்கு?"

காவலாள் கையசைக்கிறான். போகலாம்.

இந்த நாட்டில் அவன் சந்தித்த ஒவ்வொருவரும்,
பல் டாக்டர், வரி அலுவலகப் பெண்,
குளியலறைக்கு ஓடு பதிக்கக் கூப்பிட்ட வீட்டுக்காரர்,
முதல் நாளே சொல்லிவிடுவார்கள்:
எப்போதோ மொழிகளுக்குள் அழகுப் போட்டி நடந்ததாம்,
உங்களுடையது முதலாவதாம், எங்களுடையது இரண்டாவதாம்.
எந்த ஊரில், யார் நடுவர், யாருக்கும் தெரியாது.
போட்டிக்குப் போன வாக்கியம் மட்டும் தெரியும்:
சொய்தா தாசா ஊலே சில்லா.
மெல்லப் போ, பாலத்தின் மேல்.
தங்கம் வாங்கியவன் கூச்சத்தோடு தலையாட்டுவான்,
ஒரு வரிசை ஓடு காசில்லாமல் பதித்துக் கொடுப்பான்.

இங்கே பாலம் இல்லை, கடலே பாலம்.
பலகை வேறு பேசுகிறது:
இருபத்தைந்துக்குக் கீழே ஓட்டு, அல்லது நாற்பதுக்கு மேலே.
நடுவேகத்தில் அடியில் அலை திரண்டு பனியைப் பிளக்கும்.
இருபதில் ஊர்கிறான்.
வானமும் தரையும் ஒரே வெள்ளை, எங்கும் ஒரு கோடு இல்லை.
பனியின் விளிம்புக்கு இவர்களிடம் ஒரு சொல் உண்டு,
நாலு உயிர் வரிசையாக நிற்கும்,
அவன் ஒருமுறைகூடச் சரியாக எண்ணிச் சொன்னதில்லை.
நாலில் ஒன்று கடன் கொடுத்தால் போதும், இப்போது.
அக்காளுக்குச் சொல்லிவிடுவான்.

போன மாதம் கேட்டிருந்தான், பிறக்கப் போவது யார் என்று.
தூலியின் மொழியில் எதிர்காலம் தனியாகக் கிடையாது,
நாளையும் நிகழ்காலத்தில்தான் வந்தாக வேண்டும்.
"தா வருகிறது," என்றாள், சூப்பைக் கிளறியபடி.

குரெஸ்ஸாரே மருத்துவமனை.
பூட்ஸுக்கு நீல உறை மாட்டச் சொன்னார்கள்.
தாதி உதட்டில் விரல் வைத்தாள்: தா தூங்குகிறது.
அவளும் தா.

கம்பளியின் ஓரம் விலகியிருந்தது.
மடிந்துபோன ஒரு காது.
நகம் இருக்கிறது, பத்துக்கும்.
மூச்சு வருகிறது, நிற்கிறது, நின்றேவிட்டதோ என்னும்போது வருகிறது.

"பார்த்துவிட்டாயா?" என்றாள் தூலி.

கோட்டுப் பைக்குள் கியோஜ்ஜா மறுபடி அலறியது.

"எதை?" என்றான்.