சைல்டு லாக்

பின்சீட்டு இரண்டுக்கும் சேர்த்து போல்ட் பதினாறு.
பதினைந்து கழன்றது.
பதினாறாவதில் காஜா மைதீன்
டீசல் ஊற்றிவிட்டு ஒரு பீடி நேரம் காத்திருந்தான்.
"பெரியநாயகிக்கா, இதுக்கு மட்டும் போக மனசில்ல."
உனக்கென்னடா தெரியும்.
பன்னிரண்டு வருஷம் அந்த ஓரத்துக்குத்தான்
கோட்டையூர்ப் பிள்ளைகள் தினம் அடித்துக்கொண்டார்கள்.
இப்போது பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாக மூன்று பஸ்.

சீட்டுக்கு அடியில்
பென்சில் சீவி நான்கு,
தேன்மிட்டாய் ஒட்டிய கணக்கு நோட்டுத் தாள்,
ஒற்றைக் கொலுசு,
பாசிப்பயறு அளவில் ஒரு பால்பல்.
கொலுசை நாச்சம்மை வீட்டில் கொடுத்தேன்.
அவள் காலேஜ் இரண்டாம் வருஷம்,
கட்டைவிரலில் மாட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
பல்லை யாரிடம் போய்க் கேட்பது.

முன்சீட்டு முதுகிலிருந்து பின்கதவு வரை
ஐந்தடி நாலங்குலம்.
நான் ஐந்தடி ஐந்து.
அந்த ஓர் அங்குலத்தில்
இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.
குறுக்கே படுத்துப் பாருங்க என்றான்.
பட்டறைத் தரையில்
சாக்கட்டியால் கோடு போட்டு
அதற்குள் குறுக்கே படுத்தேன்,
செக்காலை ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க.

முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில்
பர்மாத் தேக்குக் கதவு ஒன்றைக் காட்டினார்கள்.
"கட்டிலுக்கு இதைவிட என்ன வேணும்?"
அதைப் புரட்டிக் காட்டவே நாலு பேர் வந்தார்கள்.
என் எஞ்சின் முழுசாக எண்ணூறு சிசிகூட இல்லை.
தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமே
என்றது எதிர்வீடு.
பன்னிரண்டு எம்எம் பிளைவுட் போதும்,
தரைக்கு ரெக்ஸின்.
கட்டிலுக்கு அடியில் மூன்று பெட்டி:
ஒன்றில் அரிசி, ஒன்றில் துணி,
ஒன்றில் என்ன வைப்பதென்று தெரியவில்லை.
ஜன்னல் கம்பிகளை அறுக்கும்போது
வெளியே போய் நின்றுகொண்டேன்.
கதவு ஜன்னலில் மட்டும்தான் அறுத்தான்.
அதற்குள் கரண்ட் போய்விட்டது.

மஞ்சள் போர்டை வெள்ளையாக்க ஐந்து நடை.
"சீட்டெல்லாம் எங்கம்மா?"
எடுத்துட்டேன் சார்.
"அப்ப பின்னால எதை ஏத்தப் போறீங்க?"
என்னைத்தான்.
பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ராமேஸ்வரம் என்று சொல்லிக் கிளம்பினேன்.
தேவகோட்டை ரஸ்தா தாண்டியதும் கண் சொக்கியது.
ஒரு கண்மாய்க் கரையில் நிறுத்தி
பின்னால் ஏறி, கதவை இழுத்துச் சாத்திப் படுத்தேன்.
இத்தனை வருஷமும் இந்த இடத்தை
கண்ணாடிக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

விடியற்காலை, ஒன்றுக்கு முட்டி எழுந்தால்
கதவு திறக்கவில்லை.
இழுத்தேன், உதைத்தேன்.
பிறகுதான் உறைத்தது,
சைல்டு லாக்.
வண்டி வாங்கிய மறுநாள் நான் போட்டது.
முன்னால் தாண்ட வழியில்லை, அடுப்பும் அலமாரியும்.
பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி எந்நாளும் கிடையாது.
காஜாவுக்குப் போன் போட்டால்
ஒன்பது மணிக்குள் காரைக்குடியே சிரிக்கும்.

மூன்றாம் வகுப்பு இர்பான்,
சிக்னலில் நின்றால் போதும்,
ஜன்னல் வழியே கையை விட்டு, தோளைச் சாய்த்து,
வெளிக் கைப்பிடியைக் கட்டைவிரலால் நெம்புவான்.
கம்பி வைத்ததே அவனால்தான்.
அதுவரை, தண்டனையாக,
என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார வைத்திருந்தேன்.
அது தண்டனை என்று
கடைசிவரை அவனுக்குத் தெரியாது.

கையை விட்டேன்.
அறுத்த முனை முழங்கையைக் கீறியது.
தோளைச் சாய்த்து,
இன்னும் கொஞ்சம்,
கட்டைவிரல்.

சடக்.

கண்மாயில் பாதித் தண்ணீர்.
நாரை ஒன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
புதர் மறைவுக்குப் போய்விட்டு வந்து
அடுப்பைப் பற்றவைத்தேன்.
லாக்கை எடுப்பது பெரிய வேலையில்லை,
பேனா முனையால் ஒரு தள்ளு.
டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம்.

சர்க்கரை
மூன்று பெட்டியிலும் இல்லை.