கடைசிப் பதினாறு பக்கம்

கார்த்திகை இடி
முற்றத்துத் தென்னையை விட்டுவிட்டு
கேபிள் வயர் வழியாக வீட்டுக்குள் வந்தது.
டிவி ஒருதரம் செருமியது.
அவ்வளவுதான்.

மாளிகைக்காட்டில் இஸ்ஸதீன் நானாவின் கடை.
கழற்றிப் போட்ட பெட்டிகளின் முதுகுகளுக்கு நடுவில்
அவர் இருப்பார்,
மடியில் எங்கள் நூலகத்துப் புத்தகம்.
அவரிடம் போன புத்தகங்களை எனக்குத் தெரியும்.
பற்றவைத்த ஈய மணத்தோடு திரும்பி வரும்.
அடையாளத்துக்கு வைத்த செம்புக் கம்பி
சிலவேளை உள்ளேயே கிடக்கும்.
பிந்திய நாளுக்கு மற்றவர்களுக்குத் தண்டம் எழுதுகிற நான்
அவருக்கு எழுதுவதில்லை.

காரைதீவில்
பதினாலு வருஷமாய்ப் புத்தகம் கொடுக்கிறவள் நான்.
தூசி தட்டுவேன், இலக்கம் ஒட்டுவேன்,
கரையான் தின்றதைப் பதிவிலிருந்து வெட்டுவேன்,
"நல்ல புத்தகம், கொண்டு போங்க" என்றும் சொல்வேன்.
ஐந்து மணிக்குப் பூட்டு.
ஏழரைக்கு நாடகம்.
இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?
நாள் முழுக்க மீன் வெட்டுகிறவன்
இரவில் பருப்புக்கறி கேட்பதில்லையா?

"பாட்ஸ் கொழும்பிலிருந்து வரணும் மிஸ்,
ரெண்டு கிழம போகும்."

அந்த இரண்டு கிழமையும்
வீட்டில் ஏழரை மணி
பல் கழன்ற இடம்போலக் கிடந்தது.
நாக்கு அங்கேயே போனது.

மூன்றாம் கிழமை போனேன்.
டிவியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.
"இதுல கடைசிப் பதினாறு பக்கம் இல்ல மிஸ்."

வாங்கிப் பார்த்தேன்.
கிழித்த தடமில்லை.
அச்சகத்திலேயே தைக்க மறந்திருக்கிறார்கள்.
பின்னட்டைத் தாளில் திகதி முத்திரைகள்,
எண்ணினேன்: இருபத்திமூன்று.
இருபத்திமூன்று பேர் கொண்டுபோய்
இருபத்திமூன்று பேரும் திருப்பித் தந்து
ஒருவரும் முறையிடவில்லை.
அதில் ஆறேழு பேருக்காவது
நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"உங்கட டிவி சரி" என்றார் பிறகு.
"நாலு நாளாப் போட்டுச் சோதிச்ச.
ஏழரைக்குத்தான் நேரம் கிடைச்ச.
அந்தப் பொடிச்சி வழக்க வாபஸ் வாங்கிட்டா.
மாமிக்காரி ஆஸ்பத்திரியில."
நான் விட்டதையெல்லாம்
வட்டியோடு எண்ணி வைத்தார்.

பின்மூடிக்குத் திருகாணி போட்டபடியே கேட்டார்:
"இப்ப நீங்க சொல்லுங்க.
துறையடிக்கு வந்த அந்தப் பொம்புள
தோணியில ஏறினதா, இல்லையா?"

மிஸ் என்றால் தெரிந்திருக்கத்தானே வேண்டும்.
ஏறினாள் என்றேன்.
வெள்ளம் வடிந்த காலை என்றேன்.
கையில் ஒரு குடை, பிள்ளையின் சட்டை ஒன்று.
புருஷன் முழங்கால் தண்ணீரில் நின்றான்,
அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்றேன்.
வாயில் வந்தது வந்தபடி.
சொல்லச் சொல்ல
எனக்கே தொண்டை அடைத்தது.

கடைசித் திருகாணியை முறுக்காமல்
விரல் நுனியில் வைத்துக்கொண்டு கேட்டார்.
"நல்லாத்தான் இரிக்கி மிஸ்.
ஆனா அவ
அப்பிடிச் செய்யிற ஆளில்ல."

புத்தகத்தைத் தரவில்லை.
இன்னொரு கிழமை எழுதச் சொன்னார்,
எங்கேயோ ஒரு இடம் சரிபார்க்க வேண்டுமாம்.

ஆட்டோவில் டிவி என் மடியில்,
தூங்காத பிள்ளைபோலக் கனத்தது.
காரைதீவுச் சந்தியில் தூறல்.
நாடகத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம்.

அப்படியென்றால் அவள் எப்படிப்பட்ட ஆள்?
பதினாலு வருஷம்
ஒரே கட்டிடத்தில் இருந்திருக்கிறோம்.