ஆஃப் ஆப்பிள்

மாட்டுத்தாவணியில் இரவு ஒன்பதரை வண்டி.
மேல் படுக்கைதான் மலிவு.
ஏணியின் முதல் படி என் இடுப்புக்கு மேலே.
கிளீனர் பையன் கையை நீட்டுமுன்
பையைத் தூக்கி மேலே எறிந்துவிடுவேன்.
பை போன இடத்துக்கு ஆள் போயாக வேண்டும்.
எனக்கு நானே போட்ட சட்டம்.

விடிந்தால் வடபழனி.
"மதுரைத் தம்பி, கரடிக்குள்ள இருப்பியா?"
இருந்தேன், மூன்று நாள், மே மாதம்.
மூச்சுக்கு மூக்கருகே இரண்டு துளை.
நாயகி கரடியோடு செல்ஃபி எடுத்தார்.
உள்ளே நானும் சிரித்தேன், பழக்க தோஷம்.

பிறகு பேய்க்குழந்தை. பிறகு போலீஸ்.
உடுப்பு நீயே கொண்டா என்றார்கள்.
வடக்கு மாசி வீதியில்
மாறுவேடப் போட்டிக்கு வாடகை விடும் கடையில் எடுத்தேன்.
காலரில் பின் குத்திய சீட்டு: யு.கே.ஜி., பி பிரிவு.
எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது,
பி.காமில் இரண்டு அரியர்.

நாளுக்கு ஆயிரத்து ஐநூறு பேசி
முந்நூறு கழித்துக் கொடுப்பார்கள்.
கமிஷன் மட்டும் முழு ஆளுக்கானது.

டைட்டிலில் 'மற்றும் பலர்'.
வில்லாபுரம் முழுக்க அம்மா சொல்லித் திரிந்தாள்:
"எங்க காசிமாயன் பேரு கடைசியில வருது."

முகம் பழகிப்போனது என்னவோ உண்மை.
பெரியார் நிலையத்தில் ஒருவர்
கேட்காமலே அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கி
மனைவியைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.
ஒரு செருப்பு கழன்று விழுந்தது.
"அண்ணே, எனக்குத் தாடி இருக்கு, பாக்கலையா?"
பதறி இறக்கினார்.
செருப்பை எடுத்து என் காலில் மாட்டிவிடக் குனிந்தார்.
அதுவும் வேண்டாம் என்றேன்.

அப்புறம் தொடரே ஊருக்கு வந்தது.
ஒத்தக்கடை தாண்டி, யானைமலை பின்னால் படுத்திருக்க,
எனக்கு வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை வேஷம்.
இரண்டு பக்க வசனம்.
என் உடம்பை அளந்து தைத்த சட்டை,
துளைக்கு நேரே பித்தான்.

"ஆஃப் ஆப்பிள் கொண்டா" என்றார் கேமராமேன்.
மரப்பெட்டிதான். படப்பிடிப்பில் அதற்கு அப்படிப் பேர்.
முழுசு, பாதி, கால்.
(குவார்ட்டர் என்று கேட்கும்போதெல்லாம்
உசிலம்பட்டி லைட்பாய் சிரிப்பான்.)
மூன்று வருஷமாக ஏறி நின்றவன் நான்.
ஏறினால் பாதி மூளை பெட்டியின் விளிம்பிலேயே இருக்கும்,
மிச்சத்தில்தான் வசனம்.

"தரையில நின்னே பேசுறேன் சார்."
"ஃபிரேம்ல ஹீரோயின் தலை வெட்டும்யா."
"அவங்க உக்காந்து அழட்டுமே.
கடன் வாங்குனவங்கதானே?"

டைரக்டர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.
கேமராமேன் என்னை முறைத்தபடி
துண்டை உதறி விரித்துக் குப்புறப் படுத்தார்.
லென்ஸ் என் நெஞ்சுக்கு நேரே வந்தது.
அன்பெல்லாம் இல்லை,
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
இரண்டாம் டேக்கில் ஓகே.
எழுந்தவர் சட்டையில் செம்மண்.

ஒளிபரப்பான இரவு, அண்ணன் வீடு.
பிள்ளைகள் பந்தடித்துப் பழசை உடைத்ததால்
புது டிவி கூரையை ஒட்டி மாட்டியிருந்தது.
கழுத்து வலிக்க என்னை நானே அண்ணாந்து பார்த்தேன்.
என் உயரம் பற்றிக் கேலியாய் ஒரு வரி எழுதியிருந்தார்கள்.
மறந்ததுபோல் விட்டிருந்தேன்.
யாரும் அதைத் தேடவில்லை.

சரியாக அங்கே விளம்பரம் விழுந்தது.
பாலில் கலக்கும் பவுடர். சுவரில் அளவுகோல்.
ஒரு பையன் குடிக்கிறான், கோட்டைத் தாண்டுகிறான்.
அண்ணன் தலையணைக்கு அடியில் ரிமோட்டைத் துழாவினான்.
அம்மா, வைக்காத பாலை இறக்க அடுப்படிக்குப் போனாள்.

"சத்தத்தக் குறைக்காதண்ணே.
அந்தப் பய குடிக்கிறதப் பாரு.
கப்புல ஒண்ணுமே இல்ல.
தொண்டை மட்டும் எப்பிடி ஏறி எறங்குது!"