எட்டு ஓம்

ஆம்பின் முதுகில் எழுதியிருந்தது:
எட்டு ஓம். குறைந்தது நான்கு.
நான் முதுகைப் படிக்கவில்லை.
கும்பகோணத்தில் கைமாறிய சரக்கு,
பக்கத்துக்கு ஐம்பது வாட்.
கொரடாச்சேரி வரை மடியிலேயே வந்தது.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

வீட்டில் நான்கு ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் நான்கு ஓம்.
பக்கத்துக்கு இரண்டாக,
சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு
சேர்த்து முறுக்கினேன்.
பதினோரு நிமிடம் வீடு கல்யாண மண்டபம்.
பன்னிரண்டாவதில் உள்ளே ஒரு 'டக்'.
பிறகு சூடான வார்னிஷ் வாசம்.
"அடுப்புல ஒண்ணும் வைக்கலையே" என்று
ரெஜினா சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"இரண்டு ஓம் ஆக்கிட்டீங்க" என்றார்
திருவாரூர் நெய்னா முகமது,
மூடியைக் கழற்றிக்கொண்டே.
"தடை கொறஞ்சா கரண்டு பாயும் அண்ணே.
பாய்றது பெட்டிக்கு நல்லது,
ஆம்புக்கு நல்லதில்லே."

எனக்கா தெரியாது?
வெட்டாற்று ரெகுலேட்டரில் நான் லஸ்கர்.
ஷட்டரை இன்னும் ஒரு சாண் தூக்கு என்று
கீழே இருந்து கத்துவார்கள்.
தூக்கினால் அவர்களுக்குத் தண்ணீர்.
மேலே
கரை நடுங்குவதை
என் உள்ளங்கால் மட்டும் கேட்கும்.

பெரிய ஆம்பாக வாங்கியிருக்கலாமோ என்றேன்.
"சின்னதுதான் அண்ணே ஆபத்து.
சக்தி பத்தாம, முழுசாத் திருகி
அது கத்த ஆரம்பிச்சா
மொதல்ல கருகுறது ட்வீட்டர்."
தண்ணீர் வற்றிய வருடம்தான்
எங்கள் ஊரில் அதிகம் மோட்டார் எரிந்தது.
அதை நான் சொல்லவில்லை.
அவர் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு எட்டு ஓமில் ஒரு ஜோடி.
ஒன்று நாகூரில் கிடைத்தது,
இன்னொன்றுக்கு ஏழு மாதம்.
மீட்டர் இரண்டுக்கும் ஆறு புள்ளி இரண்டு காட்டியது.
அது அப்படித்தான் காட்டும்,
எட்டு என்பது ஓடும்போதுதான் எட்டு.
சுவரிலிருந்து ஒன்றரை அடி,
நடுவில் நாற்காலி,
காலுக்குச் சுண்ணாம்பில் நான்கு வட்டம்.
வட்டத்தில் நான் உட்கார்ந்தேன்:
இடப்பக்கம் தவில், வலப்பக்கம் நாயனம்,
நடுவில் வியர்வை துடைக்க மட்டும் இடைவெளி.
கண்ணை மூடினால்
எங்கள் வீட்டில் சுவர் இல்லை.

ரெஜினாவை உட்கார வைத்தேன்.
கொஞ்ச நேரம் கேட்டாள்.
"நல்லாத்தான் இருக்கு.
தவில் மட்டும் பக்கத்துத் தெருவுல வாசிக்கறாப்ல."

இடது பெட்டியைக் கழற்றினேன்.
காயில் சரி, கூம்பு சரி.
ஒயரை மாற்றினேன், புதுசு, கொஞ்சம் தடிமன்.
பேலன்ஸ் குமிழை ஒரு நெல் அளவு திருப்பினேன்.
"இன்னும் பக்கத்துத் தெருவுலதான்."
திருவாரூருக்குப் போனேன்.
நெய்னா கருவியில் பார்த்துவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணே என்றார்.

அன்று ராத்திரி
இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும்
மாற்றிச் சொருகினேன்.
"இப்ப தவில் வந்துட்டுது" என்றாள்.
"நாயனம் எங்க போச்சு?"

ஒயரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.
பெரியவன் பிறந்தபோது வந்த காய்ச்சல்.
இடது காது.
இருபத்திரண்டு வருடமாக
அவளுக்கு வலப்பக்கம் நடந்துதான் பேசுகிறேன்,
கட்டிலில்கூட என் இடம் அதுதான்.
இரண்டு ஸ்பீக்கர் வாங்கப்போனபோது
மறந்துவிட்டேன்.

ஆம்பின் முகத்தில் ஒரு பொத்தான் உண்டு,
நான் தொட்டதே இல்லை: மோனோ.
அழுத்தினேன்.
தவிலும் நாயனமும்
ஒரே ஆளாகி நடுவில் வந்து நின்றன.
சுவர்கள் திரும்பி வந்தன.
எனக்கு அது
வயலை எல்லாம் மூடிவிட்டு
வாய்க்காலில் மட்டும் தண்ணீர் விட்டதுபோல் இருந்தது.

"என்ன பண்ணுன? இதான், இதான்" என்று
அவள் தொடையில் தாளம் போட்டாள்.
பாதி தப்பு.

அவள் படுக்கப் போனபின்
பொத்தானை எடுத்துவிடலாம் என்று
விரலை வைத்தேன்.
வெளியே மழைத் தவளைகள்,
எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாமல்.
அணைத்தேன். ஆம்பை மட்டும்.