பொய்கைத் துண்டு

பேரணாம்பட்டில், தோல் கிடங்குக்குப் பின்னால்,
உப்பு மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது எம்.ஜி. மிட்ஜெட்.
இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள்
வரவே கூடாது என்று கட்டிய வண்டி.
பச்சை நிறம் என்றார் முக்தியார் அஹமது.
ஹெட்லைட்டைச் சுற்றி மட்டும் மிச்சமிருந்தது பச்சை.

உப்பும் இரும்பும் முப்பது வருடம் ஒரே அறையில்.
என்ன ஆகியிருக்கும் என்று
கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கூட வந்தவன் பிச்சாண்டி. காகிதப்பட்டறையில் சைக்கிள் கடை,
செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாட்டுத் தரகு.
கார் பற்றி ஒன்றும் தெரியாது.
சுற்றி வந்தான். வாலிருக்க வேண்டிய இடத்தில் தட்டினான்.
"சுழி சரியில்லக்கா."

சரியில்லைதான். கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக்
கதவுக்குக் கீழே ஓட்டினேன். ஒட்டியது, ஒட்டியது,
பிறகு ஒரு முழத்துக்கு வழுக்கியது.
பதினெட்டு வருடமாக எக்ஸ்ரே அறையில் நிற்கிறேன்,
எது எலும்பு எது மாவுக்கட்டு என்று தெரியாதா?
ஜாக்கி போட்டுத் தூக்கியதும் கதவு
பாதியில் கடித்துக்கொண்டு மூட மறுத்தது.

பிச்சாண்டி தோளிலிருந்து துண்டை எடுத்தான்.
முக்தியார் சிரித்தார்; ஆனாலும் கையை நீட்டினார்.
துண்டுக்கடியில் இரண்டு கைகள் பேசின.
வெளியே இரண்டு முகங்கள்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன.
ஒருமுறை பிச்சாண்டி துண்டை உதறிக்கொண்டு
வாசல்வரை போய்த் திரும்பினான்.
வாங்குகிறவள் நான்.
விலை எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.
சீட்டுக்கு மூன்று ஆட்டுத்தோல், கொசுறு.

பாகாயம் ஷெட்டில் மே மாதம்.
பன்னிரண்டு ஸ்பேனர் நுழையாது. பதின்மூன்று வழுக்கும்.
நடுவில் எங்கோ
அரை அங்குலம் என்று ஒரு நாடு இருக்கிறது.
பேட்டரியின் பிளஸ் போய் பாடியில் உட்காரும்;
அது தெரியாமல் முதல் நாளே ஒரு ரேடியோவைக் கொன்றேன்.

சேண்பாக்கத்தில் பீரோ செய்யும் தயானந்தம்
கதவடிக்குத் தகடு மடித்துக் கொடுத்தான்.
"பீரோன்னா பூட்டு வைப்பேன். இதுக்கு?"
"இதுக்குக் கூரையே இல்லை."
அன்றைக்கு முழுக்க அவன் என்னை நம்பவில்லை.

சக்கரத்துக்கு அறுபது கம்பி.
பிச்சாண்டி விரலால் சுண்டிச் சுண்டிக் கோட்டம் எடுத்தான்.
"இன்னாக்கா, அறுபதும் ஒரே மாரி பாடணுமா?"
"பாட வேணாம். அழாம இருந்தா போதும்."

கார்புரேட்டர் இரண்டு.
இரண்டும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும்.
ட்ரிப் குழாயின் ஒரு முனை அதன் வாயில், மறு முனை என் காதில்.
முன்னது சீறுகிறது, பின்னது இளைக்கிறது.
கால் திருகு. கேள். இன்னும் கால்.
நாளெல்லாம் நோயாளிகளுக்குச் சொல்வதைத்தான்
ராத்திரி இதற்கும் சொன்னேன்:
மூச்சை இழு. பிடி. விடு.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், பள்ளிகொண்டா வரை என்று கிளம்பினேன்.
நாலுவழிச் சாலையில் லாரிச் சக்கரத்தின் நட்டுகள்
என் காது உயரத்தில் சுழன்றன.
பொய்கையில், சந்தை வாசலுக்கு நேரே, நின்றுவிட்டது.

மாடுகள் பார்த்தன. தரகர்கள் வந்தார்கள்.
ஒருவன் டயரை உதைத்தான், ஒருவன் பல் பார்ப்பதுபோல்
கிரில்லுக்குள் குனிந்தான்.
மூன்றாமவன் துண்டை விரித்தான்.
பொம்பளைக் கை என்று தயங்கினான்;
என் நகத்துக் கிரீஸைப் பார்த்தபின் தயங்கவில்லை.

துண்டுக்கடியில் இருட்டு, வேறொருவர் வியர்வை.
இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினான். பிறகு மூன்றை.
நான் பதிலுக்கு ஏதோ பிடித்தேன்.
அவன் புருவம் ஏறிய உயரத்திலிருந்து
பெரிய தொகை என்று தெரிந்தது.

பின்பக்கம் போய், பெட்ரோல் பம்ப் இருக்கும் இடத்தில்
ஸ்பேனரால் ஒரு தட்டு.
டிக் டிக் டிக் என்றது. கிளம்பிவிட்டது.

"எவ்ளோக்கா கேட்டான்?" கூட்டத்திலிருந்து பிச்சாண்டி,
கையில் யாருடைய மாட்டுக் கயிறோ.
சொல்லவில்லை.

ராத்திரி அடியில் கிட்னி ட்ரே வைத்தேன்.
காலையில் ட்ரேயில் பதினோரு சொட்டு.
முந்தாநாள் பதினாறு.