பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

ஏப்ரல் முடிவதற்குள் வீட்டைச் சுற்றி
ஐம்பது மீட்டர் வெறுமையாக வேண்டும்.
இல்லாவிட்டால் அபராதம் வரும்.
அபராதம் வராவிட்டால் ஆகஸ்ட் வரும்.

"வெறும் புதர்தானே" என்கிறார் பெல்மீரு.
ஒடீலியா குனிந்து ஒரு தண்டைப் பிடிக்கிறாள்.
எஷ்டேவா. கையுறையெல்லாம் பிசின்.
அடித்தண்டு அவள் மணிக்கட்டுப் பருமன்.
"மூன்று வருஷத்துக்கு முன்னால் புதர்" என்கிறாள்.

வண்டியின் பின்கதவைச் சாய்த்தால் மேசை.
சாக்கின்மேல் கிடக்கின்றன:
நைலான் நரம்பு,
புல்லிடம் மட்டும் வீரம் பேசும்,
கட்டையைக் கண்டால் நைந்துவிடும்.
முப்பல் தகடு, முட்கொடிக்குப் போதும்.
விரலைவிடப் பருத்ததைக் கடித்தால் உதறும்.
அந்த உதறல் குழாய்வழி ஏறி
இரவு முழங்கையில் குடியிருக்கும்.

ரம்பத் தட்டுகள் இரண்டு.
ஒன்றை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டு
சாவியால் தட்டுகிறாள்.
வெண்கலம்.
மற்றதையும் தட்டுகிறாள்.
மண்சட்டி.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தேடுகிறாள்.
பல்லிடுக்கில் ஒரு மயிரிழை,
மயிர் அல்ல.

கின்டீனு அவசரக்காரன்.
நேற்றைய நரம்பு மூடியோடே
ரம்பத்தைப் பூட்டப் போகிறான்.
"நேற்றுப் புல். இன்றைக்கு மரம்.
மூடியை மாற்று."
மாற்றுகிறான், முனகிக்கொண்டே.
நட்டை வழக்கம்போல் வலப்புறம் திருகுகிறான்,
அது கழன்று அவன் காலடியில் விழுகிறது.
இடப்புறம் இறுகும் மறை.
யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்தான்.

தட்டில் பொறித்த எண்ணைப் படிக்கிறாள்:
இன்ஜினின் வேகத்தைவிடப் பெரிய எண்தான்.
பட்டையை இரு தோளிலும் மாட்டுகிறாள்,
அவசரக் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள்.
இயந்திரம் பொத்தென்று விழுகிறது.
நல்லது. மறுபடி மாட்டுகிறாள்.

தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்.
முள் இடமாகச் சுற்றும் கடிகாரம்.
எட்டிலிருந்து பதினொன்று வரை வெட்டலாம்.
பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ராகுகாலம்,
எல்லாக் கிழமையும்.
அந்த இடத்தில் கட்டையைத் தொட்டால்
கட்டை நகராது,
நீதான் பக்கவாட்டில் எறியப்படுவாய்,
கையில் சுழலும் இரும்போடு.

பனி காயாத நேரம். காற்று இல்லை.
இங்கே கருங்கல்
பூமிக்குள்ளிருந்து முளைப்பதுபோல் முளைக்கும்.
ஒரு பல் உரசினால் ஒரு பொறி.
அதனால் முதலில் கழியால் குத்திக் குத்தி நடக்கிறாள்.
கல் இருந்த இடமெல்லாம்
சிவப்பு நாடா கட்டுகிறாள்.
நாடா கட்டிய பக்கம் கைரம்பம், முழங்கால், பொறுமை.

ஒன்பது மணிவரை சாய்ந்தவை சாய்ந்தன.
நான்கு முறை இன்ஜினை அணைத்தாள்,
நான்கு முறையும் பெல்மீருவுக்காக.
பதினைந்து மீட்டர் என்றால் அவருக்கு
வேலி ஓரம் என்று அர்த்தம்,
அடுத்த நிமிஷம் செருப்பு ஓசை.
நான்காவது முறை கையில் ரொட்டி, பாலாடைக்கட்டி.
அணைத்த பிறகும் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.
அது நிற்கும்வரை
"அங்கேயே" என்று உள்ளங்கையைக் காட்டினாள்.
அவர் ரொட்டியோடு நின்றார்,
கோயில் வாசலில் நிற்பதுபோல.

சாப்பிடும்போது சாக்கைப் பார்த்துக் கேட்டார்:
"அந்த ரம்பம் உனக்கு வேண்டாம்தானே?
என் வீட்டில் ஒரு இயந்திரம் இருக்கிறது.
விளிம்புக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்."

ஒடீலியா பதில் சொல்லவில்லை.
வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு
கண்ணாடியைக் கீழே இழுத்து
தட்டைக் கல்லின்மேல் வைத்துச்
சுத்தியலால் அடித்தாள்.
மூன்றாவது அடியில்
அந்த மயிரிழை வழியாகவே
இரண்டாகப் போனது.

பெல்மீரு பாதிகளைப் பார்த்தார்.
முப்பது யூரோ இருக்குமா என்று
கண் கணக்குப் போட்டது.

"உங்கள் இயந்திரத்தைக் கொண்டுவாருங்கள்"
என்றாள் அவள்.
"மூடியோடு. மூடி இருந்தால்."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை.