லிஃப்ட்டுக்கு இருபது தெத்ரி

ஞாயிறுதோறும் ஆமையை எடைபோடுவேன்.
குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில்
கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில்
காலணி அட்டைப்பெட்டிக்குள் உறங்குகிறது ராக்கெட்.
பெயர் வைத்தபோது லிலேவுக்கு ஐந்து வயது.
நவம்பரில் எழுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
இன்று அறுநூற்றுத் தொண்ணூற்றாறு.
ரொம்பக் குறைந்தால் எழுப்பிவிடச் சொன்னார் மருத்துவர்.
திபிலிசியில் இப்போது
முழுசாய்த் தூங்குவது அது ஒன்றுதான்.

எங்கள் வீடு ஒன்பதாவது மாடி.
காசு போட்டால்தான் நகரும் லிஃப்ட்.
கதவருகே ஜோஞ்ஜோலி ஊறுகாய் ஜாடியில்
சில்லறை போட்டு வைத்திருக்கிறோம்.
ஜாடி கிலுங்கினால்
யாரோ இறங்கப்போகிறார்கள்.

இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல். நாற்பத்தொரு பேர்.
செவ்வாயன்று பதினெட்டுப் பேர் வந்தார்கள்
புதனன்று ஒன்பது.
வராதவர் பட்டியல் கேட்டு
டீன் அலுவலகத் தாள் வந்திருக்கிறது,
'காரணத்துடன்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு.

விடுபட்ட தரவுகள் என்று ஒரு பாடம்.
தற்செயலாய் விடுபட்டவை,
தற்செயல் அல்லாமல் விடுபட்டவை.
இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு தேடி
பதினாறு வருடமாய்த் தடுமாறியிருக்கிறேன்.
இந்தமுறை நான் வாய் திறக்குமுன்
ஒன்பது பேரும்
காலி பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரேவாஸுக்குக் குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கு.
நாடாளுமன்றத்தின் முன் இரவில்
பிள்ளைகள் மேல் பீய்ச்சும் தண்ணீருக்கு
பில் யார் பேரில் என்று கேட்டேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
கரண்டியை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனான்.
அவன் அண்ணன் தெமூர்
அமைச்சகத்தில் கார் ஓட்டுகிறார்.
விருந்துகளில் இனி நாய் பூனை பற்றி மட்டும் பேசுவதென்று
உடன்பாடு செய்துகொண்டோம்.
மூன்று மாதமாய் விருந்தே இல்லை.

நாய் என்றால் பான்ஜா.
காதில் மஞ்சள் வில்லை, எண் 4417.
ஊசி போட்டது நகராட்சி
சோறு போடுவது தெரு
படுப்பது எங்கள் வாசலில்.
மாலையானால் லிலேவோடு இறங்கும்.
அவள் கையில் நீச்சல் கண்ணாடி இருக்கும்.
நீச்சல் குளம் மூடி இரண்டு வருடம்.
நானும் கேட்கவில்லை.

வெள்ளி இரவு நாய் மட்டும் வந்தது.
மணி இரண்டே கால்.
ஒன்பது மாடியும் படியேறி
நனைந்து
கமறலோடு மிளகாய் வறுத்த நெடி வீச.
காச்சோ இரண்டு தும்மல் போட்டு
அலமாரி மேல் ஏறிக்கொண்டது.
நல்ல துண்டை எடுத்து
நாயைத் துவட்டத் தொடங்கினேன்.

ரேவாஸ் அண்ணனுக்குப் போன் போட்டான்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
பெயரைச் சொன்னான்.
பதினேழு என்றான்.
என்ன உடை என்று கேட்டிருப்பார் போல
என்னைப் பார்த்தான்.
எனக்கும் தெரியவில்லை.

நிகழ்தகவு கற்பித்துச் சம்பளம் வாங்குபவள் நான்.
விடியும்வரை
4417 தவிர ஓர் எண்ணும் நினைவில் நிற்கவில்லை.
அந்த ஒரு நாய்க்காவது
நகராட்சியிடம் பதிவு இருக்கிறது.

ஐந்தரைக்குப் படிகளில் காலடி.
லிஃப்ட் என்ன ஆச்சு என்றேன்,
அந்த நேரத்தில் கேட்க அதுதான் வந்தது.
'காசில்லை' என்றாள்.
இடது காலணியையும் காணோம்.
பச்சை ஸ்வெட்டர்.
என்னுடையது.

தெமூர் ஏழு மணிக்கு வந்தார்.
லிலேவைப் பார்த்தார். உட்காரவில்லை.
நாய்க்கு என்று ஒரு பொட்டலம் வைத்துவிட்டு
ஜாடியில் கைநிறையச் சில்லறை போட்டுப் போனார்.

திங்களன்று டீன் அலுவலகத் தாளை நிரப்பினேன்.
ஓரத்தில் காச்சோவின் பாதத் தடம்
அழித்தும் போகவில்லை.
பெயர்க் கட்டங்களைக் காலியாக விட்டேன்.
காரணக் கட்டத்தில்
முப்பத்திரண்டு முறை, முத்து முத்தாய்,
லிஃப்ட்டுக்குக் காசில்லை
லிஃப்ட்டுக்குக் காசில்லை.

எழுத்தர் மக்வாலா நிதானமாய்
கடைசி வரிவரை படித்தாள்.
'இருபது தெத்ரியா, உங்கள் லிஃப்ட்டில்?' என்றாள்.
ஆமாம் என்றேன்.
'எங்களுடையதில் பத்து.'
பெறப்பட்டது என்று முத்திரை குத்தினாள்.

வகுப்புக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.